கைது, காவல், பிணை, விடுதலை: ஆங்கிலச் சட்டச் சொற்களின் எல்லையும் தமிழாக்கச் சிக்கலும்

சட்ட ஆங்கிலத்தைத் தமிழாக்கப் புகுவோர் முதலில் அஞ்சுவது இலத்தீன் தொடர்களுக்கே. 'ஹேபியஸ் கார்ப்பஸ்', 'மென்ஸ் ரியா', 'ரெஸ் ஜூடிகேட்டா' முதலியவற்றின் அயன்மைத் தோற்றமே அவ்வச்சத்துக்குக் காரணம். ஆயின் மொழிபெயர்ப்பு நோக்கில் இவை எளியவை. ஒவ்வொன்றும் ஒரு கருத்தையே சுட்டுகிறது. அன்றாட வழக்கில் அதனோடு மோதும் வேறு பொருள் இல்லை. ஆட்கொணர்வு, குற்றமனம், முன்தீர்ப்புத் தடை என ஒருமுறை ஆக்கிக்கொண்டால் பின்னர்க் குழப்பம் எழுவதில்லை. உண்மையில் தொல்லை தருவன நாள்தோறும் செய்தித்தாளில் கண்ணில்படும் எளிய சொற்களே: 'அரெஸ்ட்', 'கஸ்டடி', 'டிடென்ஷன்', 'பெயில்', 'டிஸ்சார்ஜ்', 'ரிலீஸ்'. இவற்றுக்குத் தமிழ் உண்டு என்று அனைவரும் நம்புகிறோம். கைது, காவல், ஜாமீன், விடுதலை எனத் தயக்கமின்றி எழுதியும் வருகிறோம். ஆங்கிலச் சொற்களின் எண்ணிக்கையும் தமிழ்ச் சொற்களின் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஒருவரது உடலைச் சட்டம் பற்றிக்கொள்வதையும் விட்டுவிடுவதையும் குறிக்கும் இச்சொற்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சட்டச் சொல்லின் பொருள் அச்சொல்லுக்குள் மட்டும் இல்லை. அதே சட்டத்தில் அதன் அண்டைச் சொற்களோடு அது கொண்டிருக்கும் வேறுபாட்டில் இருக்கிறது. எனவே மொழிபெயர்ப்பின் அலகு தனிச்சொல் அன்று, சொற்குழு என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. இது வெறும் கோட்பாட்டு நாட்டம் அன்று. இச்சொற்களில் ஒன்று பிறழ்ந்தால் ஓர் ஆள் சிறைக்கு உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்பதே மாறக்கூடும்.

ஆங்கிலத்தில் இச்சொற்கள் அமைந்த வரலாறு

1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்புக்குப் பின் இங்கிலாந்தின் நீதிமன்ற மொழி பிரெஞ்சாயிற்று; ஆவண மொழி இலத்தீனாக இருந்தது. 1362இல் இயற்றப்பட்ட சட்டம் வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று விதித்தது. எனினும் வழக்கறிஞரின் தொழில்மொழியாகப் 'பிரெஞ்சுச் சட்டமொழி' மேலும் சில நூற்றாண்டுகள் நீடித்தது. நீதிமன்ற நடவடிக்கைகள் யாவும் ஆங்கிலத்தில் அமைதல் வேண்டும் என்ற சட்டம் 1731இல் இயற்றப்பெற்று 1733இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்நெடிய இருமொழி நிலையின் எச்சமாகவே 'கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்', 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' போன்ற இணைமொழிகள் இன்றும் ஆவணங்களில் வழங்குகின்றன. இவற்றில் ஒன்று பழைய ஆங்கிலச் சொல், மற்றொன்று பிரெஞ்சு அல்லது இலத்தீன் வழி வந்தது. இத்தகைய இணைகளுக்குத் தமிழில் இரு சொல் தேட வேண்டுவதில்லை. உடைமைகள், விருப்பமுறி என ஒவ்வொரு சொல்லே போதும்.

குற்றங்களைக் குறிக்கும் 'தெஃப்ட்', 'மர்டர்' ஆகியவை ஜெர்மானிய வேரின. ஆளைப் பிடிப்பதும் விடுவதுமாகிய நடைமுறையைக் குறிக்கும் 'அரெஸ்ட்', 'டிடெய்ன்', 'பெயில்', 'டிஸ்சார்ஜ்', 'அக்விட்' யாவும் பிரெஞ்சு வழி வந்தன, 'கஸ்டடி' இலத்தீன். மக்கள் செய்ததற்கு மக்கள் மொழி, அரசு செய்ததற்கு ஆள்வோர் மொழி எனச் சொல்லத் தோன்றும். அதை விதியாகக் கொள்ள இயலாது, போக்காகக் கொள்ளலாம். ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஆட்டிறைச்சியைக் குறிக்கும் சொல்லையும் பிரெஞ்சின் ஒரே சொல்லோடு ஒப்பிட்டுச் சசூர் 'மதிப்பு' என்னும் கருத்தை விளக்கியது மொழியியலார் அறிந்ததே. அதே நார்மானிய அடுக்கே சட்டத்துறையிலும் மதிப்பு வேறுபாடுகளை உண்டாக்கியிருக்கிறது.

இந்தியாவில் இச்சொற்கள் மேலும் ஒரு வடிகட்டலுக்கு உட்பட்டன. மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், 'ஃபெலனி', 'மிஸ்டிமீனர்' என்ற பழைய ஆங்கிலப் பாகுபாட்டைக் கைவிட்டு, 'அஃபென்ஸ்' என்ற ஒரே பொதுச் சொல்லைக் கையாண்டது. ஆகவே ஆங்கிலேய, அமெரிக்க அகராதிகளைத் துணைக்கொண்டு இந்தியச் சட்டத்தை மொழிபெயர்ப்பது ஆபத்தானது. அமெரிக்கத் துப்பறியும் நாவலின் நீதிமன்றமும் நம் மாவட்ட நீதிமன்றமும் ஒரே ஆங்கிலத்தைப் பேசுவதாகத் தோன்றும், பேசுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்திலும் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பெயர்கள் சமஸ்கிருதமாக மாறினும் உள்ளிருக்கும் சொற்குழு பெரும்பாலும் பழையதே.

காவல் என்னும் ஒரு சொல்

'கா' என்னும் வினையடியாகப் பிறந்த 'காவல்' பாதுகாப்பையே முதற்பொருளாக உடையது. இன்று அது குறைந்தது மூன்று சட்டக் கருத்துகளைச் சுமக்கிறது. 'போலீஸ்' காவல் துறையாயிற்று, 'கஸ்டடி' காவலாயிற்று, 'பிரிவென்டிவ் டிடென்ஷன்' தடுப்புக் காவலாயிற்று. விளைவாகப் 'போலீஸ் கஸ்டடி' என்பதைத் தூய தமிழில் எழுத முயல்வோர் 'காவல் துறைக் காவல்' என எழுத நேர்கிறது. கேட்பவர் காதில் அது கூறியது கூறலாகவே விழும். செய்தித்தாள்கள் 'போலீஸ் காவல்', 'நீதிமன்றக் காவல்' என்று எழுதுவதை மொழித்தூய்மை நோக்கில் குறை கூறுவோர் உண்டு. என் கருத்தில் அங்கே 'போலீஸ்' என்னும் கடன்சொல் ஒரு பொருள் வேறுபாட்டைக் காத்து நிற்கிறது. அதை நீக்கினால் இழப்பே மிகும்.

இவ்வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு நடைமுறைச் செய்தி போதும். புலனாய்வின்போது ஒருவரைப் போலீஸ் காவலில் வைக்க 15 நாள் என்னும் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேற்பட்ட நாள்களில் அவர் நீதிமன்றக் காவலில், அதாவது சிறையில், இருத்தல் வேண்டும். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து மொத்தம் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில், பிணை கோரும் உரிமை அவருக்கு எழுகிறது. ஆகவே 'அவர் 20 நாள் காவலில் இருந்தார்' என்னும் தமிழ்த்தொடர், அடைமொழி இல்லாத நிலையில், ஒரு சட்டமீறலைக் குறிக்கலாம். முற்றிலும் முறையான நடவடிக்கையையும் குறிக்கலாம்.

இனி 'அரெஸ்ட்', 'கஸ்டடி' இரண்டையும் ஒப்பிடலாம். கைது என்ற சொல், விலங்கு, தளை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பாரசீக, உருது ஆட்சிமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. உருதுவிலும் இந்தியிலும் அது சிறையிருப்பைக் குறிக்கிறது. பிடித்தலைக் குறிக்க அங்கு 'கிரஃப்தாரி' என்னும் வேறு சொல் உண்டு. தமிழிலோ கைது பிடித்தலாகச் சுருங்கியது; அதன் வழிவந்த 'கைதி' மட்டும் பழைய சிறைப்பொருளிலேயே நின்றுவிட்டது. கைதானவரை உடனே கைதி என்று நாம் அழைப்பதில்லை. சிறைக்குள் சென்ற பின்னரே விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என்கிறோம். வேரும் கிளையும் இவ்வாறு வெவ்வேறு கட்டங்களுக்கு உரியவாயின. இது தற்செயலாக நேர்ந்ததாயினும் பயனுள்ள ஒரு பங்கீடு.

சட்டத்தில் கைது என்பது ஒரு செயல். காவல் என்பது ஒரு நிலை. கைது செய்யுங்கால் அலுவலர் உடலைத் தொடவோ அடைக்கவோ வேண்டும். அல்லது ஆள் தானே சொல்லாலோ செயலாலோ காவலுக்கு உட்பட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதை 1994ஆம் ஆண்டின் தீபக் மகாஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. கைது எங்கு உண்டோ அங்கெல்லாம் காவல் உண்டு. காவல் உள்ள இடமெல்லாம் கைது இருந்தாக வேண்டும் என்பதில்லை. இதற்கும் முன்னர், 1980இல், நிரஞ்சன் சிங் வழக்கில், நீதிமன்றத்தின் முன் தானே வந்து சரணடைந்து அதன் ஆணைக்கு உட்படுபவரும் காவலில் இருப்பவரே என்று கொள்ளப்பட்டது. எவரும் பிடிக்கவில்லை, கதவும் பூட்டப்படவில்லை. எனினும் அவர் காவலில் இருக்கிறார். ஆதலால் பிணை கோரலாம். 'கஸ்டடி' என்பதைச் 'சிறைவைப்பு' என்று தமிழாக்கும் பழக்கம் இவ்விடத்தில் முறிந்துவிடும். சிறையில் இல்லாதவர் பிணை கேட்பது பொருளற்றதாகத் தோன்றும்.

சாட்சியச் சட்டத்திலும் இச்சொல்லின் எல்லை முதன்மையானது. போலீஸ் காவலில் உள்ளவர் நடுவரின் நேர்முன்னிலையில் அல்லாமல் தரும் ஒப்புதல் அவருக்கு எதிராக மெய்ப்பிக்கப்படல் ஆகாது. ஆயின் அத்தகவலின் பயனாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கலாம். தானே காவல் நிலையத்துக்கு நடந்து வந்து தகவல் தருபவர் 'காவலில்' உள்ளவரா? 1960ஆம் ஆண்டின் தேவ்மன் உபாத்யாயா வழக்கில், அவர் தம்மை ஒப்படைத்துக்கொண்டதாகக் கருதலாம் என்றே கொள்ளப்பட்டது. இங்கே 'காவல் நிலையத்தில் இருப்பதும்' 'காவலில் இருப்பதும்' ஒன்றா என்ற கேள்வியைத் தமிழ் இயல்பாகவே மழுக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அம்மயக்கம் எழ வழியில்லை.

'ரிமாண்ட்' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். திருப்பி அனுப்புதல் என்பது அதன் வேர்ப்பொருள். மேல்முறையீட்டு மன்றம் வழக்கைக் கீழ்மன்றத்துக்கு 'ரிமாண்ட்' செய்யும். நடுவர் ஆளைக் காவலுக்கு 'ரிமாண்ட்' செய்வார். முன்னது மறுவிசாரணைக்கு அனுப்புதல், பின்னது காவலில் வைக்க ஆணையிடுதல். இரண்டுக்கும் ஒரே கலைச்சொல்லைத் தரும் சொற்பட்டியல்களை நம்புதல் கூடாது.

காரணமும் அடிப்படையும்

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு, கைது செய்யப்பட்டவரிடம் அதற்கான 'கிரவுண்ட்ஸ்' எவை என்று தெரிவிக்காமல் அவரைக் காவலில் வைத்திருத்தல் கூடாது என்கிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கும் அவ்வாறே அறிவித்தாக வேண்டும். தமிழில் இதற்குக் 'காரணங்கள்' என்றே எழுதிவருகிறோம். 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்சநீதிமன்றம், கைதுக்கான 'ரீசன்ஸ்' வேறு, 'கிரவுண்ட்ஸ்' வேறு என்று பிரித்தது. குற்றம் மேலும் நிகழாமல் தடுத்தல், தடயங்கள் அழிக்கப்படாமல் காத்தல் முதலியன எவருக்கும் பொருந்தும் பொதுக் காரணங்கள். குறிப்பிட்ட அந்த ஆளைப் பிடிக்க வேண்டியதாயிற்று என்பதற்கான செய்திகளே 'கிரவுண்ட்ஸ்'. பின்னது எழுத்தில் தரப்படாததால் அவ்வழக்கில் கைது செல்லாதென அறிவிக்கப்பட்டது.

தமிழில் 'காரணம்' இரண்டையும் விழுங்கிவிடுகிறது. அத்தீர்ப்பைத் தமிழில் சுருக்கி எழுதும் ஒருவர், கைதுக்கான காரணங்கள் தரப்பட்டிருந்தும் காரணங்கள் தரப்படாததால் கைது செல்லாது என்று எழுத நேரும். 'ரீசன்ஸ்' என்பதற்குக் காரணம் என்றும், 'கிரவுண்ட்ஸ்' என்பதற்கு அடிப்படைச் செய்திகள் அல்லது ஆதாரக் காரணங்கள் என்றும் வழங்கலாம். எச்சொல்லைத் தெரிந்துகொண்டாலும் ஒரே ஆவணத்தில் இரண்டும் வேறுவேறாக நிற்றலே இன்றியமையாதது.

இவ்வுறுப்பின் மற்றொரு சொல்லும் மொழிபெயர்ப்பாளர்க்கு உரியது. அடிப்படைகளைத் 'தெரிவித்தல்' என்றால் என்ன? 1962ஆம் ஆண்டின் ஹரிகிஷன் வழக்கில், தடுப்புக் காவலில் இருந்தவர் ஆங்கிலம் அறியாதவர். ஆணை ஆங்கிலத்தில் தரப்பட்டது. அலுவலர் வாய்மொழியாக விளக்கினார். இந்தி மொழிபெயர்ப்பு வேண்டும் என்று அவர் கேட்டபோது அது மறுக்கப்பட்டது. தமக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தராதது தெரிவித்தல் ஆகாது என்று கூறி உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், சாதாரணக் கைதுக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்று விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் வழக்குமொழியில் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ப் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் பல முறை நீக்கியுள்ளது. தமிழ்ப் படி முறையாகத் தரப்படாமையும், ஆங்கில மூலத்தோடு தமிழ்ப் படி முரண்பட்டமையும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் அடங்கும். மொழிபெயர்ப்புப் பிழையே ஒருவரது விடுதலைக்கு நேரடி ஏதுவாகும் துறைகள் இதைப்போல் மிகச் சிலவே.

பிணை, ஜாமீன், முறி

'பெயில்' ஒப்படைத்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. சிறையாளியை அவருக்காகப் பொறுப்பேற்பவரிடம் ஒப்படைப்பதே அதன் தொடக்க நிலை. அப்பொறுப்பாளரையே 'பெயில்' என்று குறிக்கும் வழக்கும் ஆங்கிலத்தில் இருந்தது. ஜாமீனின் வரலாறு இதற்கு வியப்பூட்டும் வகையில் ஒப்பானது. அரபு, பாரசீக மூலத்தில் 'ஜாமின்' என்பது பொறுப்பேற்கும் ஆள். அவர் தரும் பொறுப்பு 'ஜமானத்'. இந்தி இன்றும் 'பெயில்' என்பதை 'ஜமானத்' என்றே வழங்குகிறது. தமிழ், ஆளைக் குறிக்கும் சொல்லையே எடுத்து விடுகையின் பெயராக்கிக்கொண்டது. பின்னர் ஆளைக் குறிக்கச் சொல் இல்லாமற்போகவே 'ஜாமீன்தாரர்' என ஈறு சேர்த்து ஈடுசெய்தது.

பிணை என்னும் தமிழ்ச் சொல்லும் கட்டு, கட்டப்பட்ட பொறுப்பு, பொறுப்பாள் ஆகிய மூன்றையும் குறிக்கும். பெண்மானைக் குறிக்கும் இலக்கியப் பொருள் இங்கு நம்மைத் தடுமாறச் செய்யாது. 'பிணைக்கைதி' தடுமாறச் செய்யும். பணயமாகப் பிடித்துவைக்கப்பட்டவரைக் குறிக்க அத்தொகை நிலைபெற்றுவிட்டதால், பிணையில் வெளிவந்தவரைக் குறிக்க அதை ஆள முடியாது.

சொல்லுக்குள் ஆள் ஒளிந்திருப்பதன் விளைவை 1978ஆம் ஆண்டின் மோதிராம் வழக்கு காட்டுகிறது. கொத்தனார் ஒருவருக்கு உச்சநீதிமன்றம் பிணை வழங்கிற்று. கீழமை நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணையாள் கேட்டார். அவருடைய தமையன் முன்வந்தபோது, அவரும் அவரது சொத்தும் வேற்று மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி மறுத்தார். 'பெயில்' என்றால் பிணையாள் கட்டாயம் வேண்டுமா என்பதே வழக்கின் மொழிச் சிக்கல். நீதிபதி கிருஷ்ண ஐயர், பிணையாளுடனோ பிணையாள் இன்றியோ தம் சொந்த முறியின்பேரில் விடுவதும் அச்சொல்லில் அடங்கும் என்று தீர்ப்பளித்து, 1,000 ரூபாய்ச் சொந்த முறியில் அவரை விடச் செய்தார். தென்னாட்டார் ஒருவர் வடகோடியில் கைதானால் உள்ளூர்ப் பிணையாளுக்கு எங்கே போவார் என்றும் அத்தீர்ப்பு கேட்டது. அதில் தமிழரையும் பெயர் சுட்டியிருந்தது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 'பெயில்' என்பதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வகுத்திருக்கிறது. 'பெயில்' என்பது நிபந்தனைகளின்பேரில் சட்டக் காவலிலிருந்து விடுகை. 'பெயில் பாண்ட்' என்பது பிணையாளுடன் கூடிய உறுதிமொழி. 'பாண்ட்' என்பது பிணையாள் இல்லாத உறுதிமொழி. ஆகவே தமிழுக்கு இனி மூன்று சொற்கள் கட்டாயம் வேண்டும். இந்தி இம்மூன்றாம் இடத்தை 'முச்சல்கா' என்னும் பழைய சொல்லால் நிரப்புகிறது. பழைய ஆட்சித் தமிழிலும் 'முச்சலிக்கா' வழங்கியது. இன்று அது வழக்கிழந்தது. அதை மீட்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பிணை, பிணையாள் முறி, சொந்த முறி என்னும் வரிசை போதும். செய்தித்தாள்களின் 'சொந்த ஜாமீன்' வேர்நோக்கில் முரண்; தமக்குத் தாமே பொறுப்பாளாக நிற்பவர் என்றாகிறது. ஆயினும் சட்டக் கருத்து உண்மையில் அதுவே ஆதலின், பெயர் அறியாத யாரோ ஒரு நிருபரின் ஆக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

'டிஃபால்ட் பெயில்' என்பதில் மற்றொரு கண்ணி உண்டு. கணினி வழியாக 'டிஃபால்ட்' என்றால் இயல்பமைவு என்று பழகிய இளைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'இயல்புப் பிணை' எனக் கருதக்கூடும். இங்கே அச்சொல் தவறுகையைக் குறிக்கிறது. உரிய நாளுக்குள் புலனாய்வை முடிக்கத் தவறியது காவல்துறை. 'தவறுகைப் பிணை' என்றால் தவறு பிணை பெறுபவருடையதோ என்ற ஐயம் எழும். காலக்கெடுப் பிணை என்பது பொருத்தமாகலாம். 'முன்ஜாமீன்' பற்றியும் ஒரு சொல்: 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 438ஆம் பிரிவில் அதற்குரிய ஆங்கிலத் தொடரே கிடையாது. அது வழக்கறிஞர் வழக்கு. பொருந்தாப் பெயர் என்று 1976இல் பால்சந்த் ஜெயின் வழக்கில் உச்சநீதிமன்றமே கூறியது. பிணை முன்னதாக நடைமுறைக்கு வருவதில்லை. கைதானால் விட வேண்டும் என்ற ஆணையே முன்னதாகக் கிடைக்கிறது.

விடு என்னும் வேர்

கைதானவரைக் 'குற்றவாளி' என்று எழுதும் இதழ்ப் பழக்கத்தைப் பலரும் கண்டித்துள்ளனர். தமிழ்நாட்டு நீதிமன்ற ஆவணங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவர் 'எதிரி' எனப்படுவதை அவ்வளவாக எவரும் கருதவில்லை. வழக்கின் எதிர்த்தரப்பினர் என்பதே அதன் தொழிற்பொருள். நீதிமன்றத்துக்கு வெளியில் வாழும் மொழியில் அது பகைவன். அவ்வாறு எதிரியாக நின்றவர் வெளியேறும் வழிகள் பல. 'ரிலீஸ்' என்பது பொது; பிணையிலும் தண்டனை முடிந்தும் நிகழலாம். 'டிஸ்சார்ஜ்' என்பது குற்றச்சாட்டு வனையவே போதிய காரணம் இல்லாதபோது வழக்கிலிருந்து விடுவித்தல். 'அக்விட்டல்' என்பது விசாரணை நடந்து குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பளித்தல். 'பரோல்' என்பது சிறையிலிருந்து தற்காலிகமாகச் செல்ல விடுதல். மொழியியலார் சசூரோடு இணைத்து அறிந்த அதே பிரெஞ்சுச் சொல்தான் இது. இங்கே தந்த வாக்கை மீறாமல் திரும்பி வருதல் என்னும் பொருளில் வருகிறது.

இவை நான்கும் தமிழ்ச் செய்தியில் 'விடுதலை' ஆகிவிடுகின்றன. சட்டத்தில் இவற்றின் இடைவெளி பெரிது. ஒரு குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டு 'அக்விட்டல்' பெற்றவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரித்தல் ஆகாது. 'டிஸ்சார்ஜ்' அத்தகைய காப்பைத் தராது. பழைய சட்டத்தின் 300ஆம் பிரிவின் விளக்கமும், அதே விதியைக் கொண்ட புதிய சட்டத்தின் 337ஆம் பிரிவும் இதை வெளிப்படையாகவே கூறுகின்றன. புதிய சான்று கிடைப்பின் 'டிஸ்சார்ஜ்' ஆனவர் மீண்டும் அழைக்கப்படலாம். தம்மை விடுதலை செய்துவிட்டதாகத் தமிழில் படித்தவர், ஈராண்டு கழித்து அழைப்பாணை வரும்போது அதை அநீதியாகவே கருதுவார்; பிழை ஆணையில் இராது, அவருக்குக் கிடைத்த சொல்லில் இருக்கும்.

தமிழின் சொல்லாக்க வளம் இவ்விடத்தில் குறைவுடையதன்று. 'விடு' என்னும் ஒரே வேரிலிருந்து விடுதலை, விடுவிப்பு, விடுப்பு, விடுகை என நான்கு பெயர்கள் நம் கைவசம் உள்ளன. 'அக்விட்டல்' விடுதலை, 'டிஸ்சார்ஜ்' விடுவிப்பு, 'பரோல்' விடுப்பு, 'ரிலீஸ்' விடுகை. வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு என்று செய்தியாளர்கள் எழுதும்போது இரண்டாவது ஏற்கெனவே பாதி நிலைபெற்றுவிட்டது. சிறை விடுப்பு என்னும் மூன்றாவதும் அவ்வாறே. முதலாவதைப் பிணைச் செய்திகளிலிருந்து பிரித்தெடுப்பதே கடினம். 'ஜாமீனில் விடுதலை' என்னும் தொடர் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை மாற்ற இயலாத இடத்தில், மற்றதை மாற்றலாம்: 'அக்விட்டல்' வருமிடமெல்லாம் 'குற்றமற்றவர் எனத் தீர்ப்பு' என்று எழுதிவிட வேண்டியதுதான். சற்று நீளும், நீதிமன்றப் படிவங்களில் அதற்கு இடம் உண்டு.